டிராப்பர் முகாம், வயோமிங்: கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது?

பழைய காலத்து மலை வேட்டைக்காரர்களைப் போல் மூன்று நாள் வாழ்ந்து பார்க்கும் முகாம் இது. விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு ஆளுக்கு 425 டாலர், பதினாறு வயதுக்குக் கீழே 300. வெள்ளிக்கிழமை மதியம் தொடங்கி ஞாயிறு சாயங்காலம் முடிகிறது. கேன்வாஸ் கூடாரம், சாப்பாடு, கம்பளிக் கோட்டு, இரும்புப் பொறி, தோல், ஊசி எல்லாம் அவர்கள் பொறுப்பு. போனவுடன் செல்போனை வாங்கி ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். என் தீர்ப்பு: போகலாம். ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் துப்பாக்கிக்காகவும் கரடிக் கதைக்காகவும் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலைக்காகப் போங்கள். அது ஏன் என்று கீழே வருகிறது.

நடத்துபவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. சின்னக் குடும்பம், வருடத்தில் நாலைந்து மாதம்தான் பிழைப்பு. நான் சொல்லப்போகும் குறைகளுக்காக அவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டாம். 1820களிலும் 30களிலும் ராக்கி மலைகளில் பீவர் என்ற நீர்விலங்கைப் பொறி வைத்துப் பிடித்து அதன் தோலுக்காக அலைந்த ‘டிராப்பர்’கள் எப்படி உயிர் பிழைத்தார்கள் என்று சொல்லித் தரும் முகாம்கள் அந்தப் பக்கம் அங்கங்கே நடக்கின்றன. எதில் சேர்ந்தாலும் முன்கூட்டியே என்ன கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் டென்வரில் ஒரு மருத்துவமனையில் வார்டு நர்ஸ். ஆசை என்னுடையது இல்லை, பதினான்கு வயது மகனுடையது. பள்ளியில் அமெரிக்க மேற்குப் பகுதியின் வரலாறு என்று ஒரு பாடம் வந்தது, அப்போதிருந்து கரடி, கத்தி, பனி என்று பிடுங்கி எடுத்துவிட்டான். கணவர் வண்டி ஓட்ட வந்தவர், மூன்றாம் நாள் எங்களைவிட அவர்தான் அதிகமாகத் தைத்துக்கொண்டிருந்தார்.

டென்வரிலிருந்து ஐ-80 நெடுஞ்சாலை பிடித்து ராக் ஸ்பிரிங்ஸ் வரை போய், அங்கிருந்து வடக்கே 191 சாலையில் திரும்ப வேண்டும். அப்புறம் நூறு மைலுக்குக் கண்ணுக்கு எட்டிய வரை சேஜ் புதர்தான். வலப்பக்கம் விண்ட் ரிவர் மலைத்தொடர் எழும்பியதும் பையன் பேச்சை நிறுத்தினான். டென்வரே ஒரு மைல் உயரம்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். இந்தப் பள்ளத்தாக்கு ஏழாயிரம் அடிக்கு மேல். நாங்கள் போனது செப்டம்பர் நடுவில். பகலில் டி-ஷர்ட் போதும், ராத்திரி வாளித் தண்ணீரின் மேல் ஐஸ் ஆடை படிந்திருந்தது.

இடத்தேர்வுக்கு முழு மார்க் கொடுக்கலாம். கிரீன் நதியின் இந்தப் பள்ளத்தாக்குதான் அந்தத் தொழிலின் நடு மையம். 1825 முதல் 1840 வரை கோடையில் ‘ராந்தேவூ’ என்று ஒரு சந்தை கூடும். கிழக்கே செயின்ட் லூயிஸிலிருந்து கோவேறு கழுதைகளிலும் வண்டிகளிலும் வெடிமருந்து, ஈயம், காபி, சர்க்கரை, கம்பளி, சாராயம் வரும். மலைகளிலிருந்து தோல்கட்டுகள் இறங்கும். செயின்ட் லூயிஸ் விலையைப் போல் பல மடங்கு வைத்து விற்பார்கள். வருடம் முழுக்க உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த தோலை இரண்டு வாரத்தில் குடித்துச் சூதாடித் தீர்த்துவிட்டு, கடனுக்குப் பொறி வாங்கிக்கொண்டு திரும்பவும் மலையேறிய ஆட்கள் ஏராளம். அந்தச் சந்தை பல தடவை கூடிய ஹார்ஸ் கிரீக் ஓடை முகாமிலிருந்து கொஞ்ச தூரம்தான்.

இப்போது பாடத்துக்கு வருகிறேன். முதல் நாள் மதியம் முழுக்கத் துணி. இதைக் கேட்டதும் மகன் முகம் வாடியது. எனக்கோ இந்த ஆள் விஷயம் தெரிந்தவர் என்று உடனே நம்பிக்கை வந்தது. பயிற்சியாளருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும், வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நரைத்த தாடி, மான்தோல் சட்டை, காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ். ஓடைக்கரையில் மூன்று துண்டுகளை நனைத்தார்: பருத்தி, மான்தோல், கம்பளி. ஒவ்வொன்றையும் பிழிந்து நம் முன்கையில் சுற்றிவிட்டுக் காற்றில் நிற்கச் சொன்னார். பருத்தி சில நிமிடத்தில் தாங்க முடியாத சில்லிப்பு. மான்தோல் நீரைக் குடித்து வழவழவென்று ஒட்டிக்கொண்டது. மறுநாள் காய்ந்தபோது சுருங்கிப் பலகையாகிவிட்டது. கம்பளி ஈரம்தான், ஆனால் உள்ளே கை கதகதப்பாகத்தான் இருந்தது.

படங்களில் டிராப்பர் என்றால் தலை முதல் கால் வரை குஞ்சம் வைத்த தோலுடை. நிஜத்தில் முழங்காலுக்குக் கீழே பலர் பழைய கம்பளிப் போர்வையை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். காரணம், அவர்கள் வேலை செய்தது தண்ணீருக்குள். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை இருபத்தைந்து மடங்கு வேகமாக உறிஞ்சும். பனி உருகும் வசந்தத்திலும் பனி விழத் தொடங்கும் இலையுதிர் காலத்திலும்தான் தோல் தரமாக இருக்கும். ஆக, வருடத்தின் மிகக் குளிர்ந்த தண்ணீரில்தான் தினமும் இறங்க வேண்டும். எங்கள் வார்டுக்குக் குளிர் தாக்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நடுக்கம் வருகிறவரை பரவாயில்லை. நடுக்கம் நின்று பேச்சு குழறும்போதுதான் பயப்பட வேண்டும். இதைப் பயிற்சியாளர் சரியாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஆட்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ‘உன் ஜோடி உளறுகிறாரா என்று நீதான் பார்க்க வேண்டும்’ என்று பொறுப்பும் கொடுத்தார். நல்ல ஏற்பாடு.

பொறி வகுப்பு சனிக்கிழமை காலையில். முகாமின் இரண்டாவது சிறந்த பகுதி இது. கையில் வாங்கிப் பார்த்தால் ஐந்து பவுண்டு இருக்கும் இரும்பு, இரண்டு பக்கமும் தகட்டு வில், நடுவில் மிதித்தட்டு, வால்போல ஒரு சங்கிலி. ஒரு டிராப்பர் அரை டஜன் பொறியையாவது குதிரையில் ஏற்றிக்கொண்டு போவார். மனித வாடை கரையில் ஒட்டக்கூடாது என்பதற்காக ஓடைக்குள் இறங்கித் தண்ணீரிலேயே நடந்து வர வேண்டும். பீவர் கரையேறும் இடம் பார்த்து, நீர்மட்டத்துக்கு நாலு விரற்கடை கீழே பொறியை விரித்து வைத்து, சங்கிலியை ஆழத்தின் பக்கம் இழுத்து ஒரு காய்ந்த கழியில் அடித்து இறுக்குவார்கள். ஈரக் கழியாக இருந்தால் பீவர் பட்டைக்கு ஆசைப்பட்டு அதையே கடித்துத் துண்டாக்கிவிடும்! கரையில் ஒரு குச்சியை நட்டு அதன் நுனியில் காஸ்டோரியம் தடவ வேண்டும். அது பீவரின் வாலடியில் இருக்கும் பையிலிருந்து எடுக்கும் மணப்பொருள். பயிற்சியாளர் அதை இடுப்பில் தொங்கும் கொம்புக் குப்பியில் மரத்தக்கை போட்டு வைத்திருந்தார். திறந்ததும் பழைய தோல்பையும் ஏதோ இனிப்பும் கலந்த ஒரு வாடை. விரலில் பட்டால் சோப்புக்கெல்லாம் போகாது, திங்கட்கிழமை டியூட்டியில் கையுறைக்குள்ளும் எனக்கு அடித்தது.

புது வாடையை மோப்பம் பிடிக்க வரும் பீவர் கால்வைத்ததும் பொறி கவ்வும். அது பயத்தில் ஆழத்துக்குப் பாயும், சங்கிலியும் இரும்பும் மேலே வர விடாது.

“அம்மா, அப்போ அது மூச்சுமுட்டியா சாகும்?” என்று மகன் கேட்டான். என்னைக் கேட்டதை நான் மொழிபெயர்த்துப் பயிற்சியாளரிடம் தள்ளிவிட்டேன். அவர் மழுப்பவில்லை. ஆமாம், மூழ்கித்தான் சாகும், கரையில் மாட்டினால் காலைக் கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவிடும், அதனால்தான் ஆழத்தில் வைத்தார்கள் என்றார். நிஜ பீவர் எதையும் பிடிக்கவில்லை. அதற்கு உரிமம் வேண்டும், பருவம் வேண்டும். ஒரு தடிக் குச்சியால் தட்டைத் தொட்டுக் காட்டினார். ‘டப்’ என்று கவ்வியதில் குச்சியின் பட்டை உரிந்துபோனது. பையன் அதற்கப்புறம் ‘சூப்பர்’ என்று சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் கொடுத்த 300 தகும்.

இத்தனையும் எதற்கு? ஐரோப்பாவில் ஆண்கள் போட்ட தொப்பிக்கு. பீவரின் அடிமயிரில் நுண்ணிய செதில் முட்கள் இருப்பதால் அழுத்தினால் ஒன்றோடொன்று பின்னி உறுதியான ஃபெல்ட் துணி ஆகும். 1830களில் பட்டுத் தொப்பி மோஸ்தர் வந்தது, ஓடைகளிலும் பீவர் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது, கடை கட்டிவிட்டார்கள். இதைப் பயிற்சியாளர் ஐந்தே நிமிடத்தில் முடித்தார். அது போதும்.

சாப்பாடு. நான் நாஞ்சில் நாட்டுக்காரி, உப்புக்கண்டம் சாப்பிட்டு வளர்ந்தவள், அதனால் இந்தப் பகுதியில் எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். நம் உப்புக்கண்டத்தில் உப்பும் மஞ்சளும் மிளகாயும் காவல் நிற்கும். இவர்களுடையதில் காற்றும் வெயிலும் அடியில் மெல்லிய புகையும் மட்டும்தான். விரல் அகலத்துக்கு வெட்டிய மாட்டிறைச்சியை வில்லோ கழிகளில் தொங்கவிட்டிருந்தார்கள். மெல்ல மெல்லத்தான் ருசி வருகிறது, தாடை வலித்தபிறகு. அதை இடித்துப் பொடியாக்கி, உருக்கிய கொழுப்பை எடைக்கு எடை சேர்த்து, காட்டு பெர்ரி போட்டால் பெமிகன். கனடாப் பக்கத்து ரோம வணிகமே இந்தக் கட்டியை நம்பித்தான் படகு ஓட்டியது. கனடாவின் கலப்பினப் பூர்வகுடிகளான மெட்டி மக்கள் எருமைத்தோல் பையில் தொண்ணூறு பவுண்டு வரை அடைத்து விற்பார்கள், வருடக்கணக்கில் கெடாது. எங்களுக்குக் கிடைத்தது குளிர்பெட்டியிலிருந்து வந்தது. வாயில் வைத்தால் முதலில் மெழுகு, அப்புறம் இறைச்சி, கடைசியில் ஒரு புளிப்பு. மகன் ஒரு கடி கடித்துவிட்டு மரியாதையாகக் கைக்குட்டைக்கு மாற்றினான். கணவர் இரண்டாவது தடவை வாங்கினார்.

கொழுப்பு எதற்கு இவ்வளவு என்பதைப் பயிற்சியாளர் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். கொழுப்பே இல்லாத முயல் இறைச்சியை மட்டும் வயிறு முட்டத் தின்றாலும் ஆள் நலிந்து வயிற்றுப்போக்கில் சாவான். ‘முயல் பட்டினி’ என்றே அதற்குப் பெயர். புரதத்தைச் செரித்து வெளியேற்ற ஈரலுக்கு ஓர் எல்லை உண்டு, மீதி சக்தி கொழுப்பிலிருந்தோ மாவுச்சத்திலிருந்தோ வந்தாக வேண்டும். டிராப்பர்கள் எருமையின் திமில் பகுதியையும் எலும்பு மச்சையையும் பீவர் வாலையும் தேடித் தின்றது நாக்கு ருசிக்காக மட்டும் இல்லை. வால் முழுக்கக் கொழுப்பு. இதை நான் எழுந்து சொன்னதும் சுற்றியிருந்தவர்கள் என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், பயிற்சியாளருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. சரி, நல்லவர், அடுத்த பந்தியில் எனக்கே முதலில் காபி ஊற்றினார்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடை பளிங்கு மாதிரி ஓடும், குனிந்து அள்ளிக் குடிக்கத் தோன்றும். குடிக்காதீர்கள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வயிற்றைக் கலக்கிவிடும். அந்த ஊரில் அதற்குச் செல்லப்பெயரே ‘பீவர் காய்ச்சல்’. முகாமில் எல்லாத் தண்ணீரையும் கொதிக்கவைத்துத்தான் தந்தார்கள்.

பாதுகாப்பில் பெரிய குறை இல்லை. சேட்டிலைட் போன் இருக்கிறது, எல்லார் இடுப்பிலும் கரடி ஸ்பிரே, உணவெல்லாம் கரடி திறக்க முடியாத பெட்டியில் கூடாரத்திலிருந்து தள்ளி. முதலுதவிப் பெட்டியைத்தான் திறந்து பார்த்தேன், தொழில் புத்தி. கிருமிநாசினி காலாவதியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது, ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டை கிடையவே கிடையாது. கோடரியும் கத்தியும் புழங்குகிற இடத்தில் இது கூடாது. சொன்னதும் மறுப்பு சொல்லாமல் குறித்துக்கொண்டார்கள். நீங்கள் போனால் கேட்டுப் பாருங்கள்.

சனி மதியம் முழுக்கத் துப்பாக்கி. வெடிமருந்து அளந்து கொட்டி, எண்ணெய்த் துணியில் ஈயக்குண்டைச் சுற்றி, கழியால் இடித்து இறக்கிச் சுடுவது. ஒரு வெடிக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது, புகையில் குறியே தெரியாது. ஆண்கள் எல்லாரும் குழந்தைகளாகிவிட்டார்கள். அரை நாள் இதற்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஒரு மணி நேரம் போதும்.

ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை. கரி படிந்த துணியில் சிக்கிமுக்கியின் பொறி விழுந்து செந்நிறமாகப் பரவுவதை ஆளாளுக்குச் செய்து பார்த்தோம், அது அருமை. கதைதான் ஏமாற்றம். ஹ்யூ கிளாஸ் என்ற டிராப்பரின் கதை. 1823 ஆகஸ்டில், இன்றைய தெற்கு டக்கோட்டாவில், கிராண்ட் ஆற்றங்கரையில், குட்டிகளோடு இருந்த கிரிஸ்லி கரடி அவரைக் கிழித்துப்போட்டது. செத்துவிடுவார் என்று காவலுக்கு இரண்டு பேரை நிறுத்திவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. அந்த இருவரும் அவருடைய துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு கம்பி நீட்டினார்கள். கிளாஸ் ஏறக்குறைய 200 மைல் தவழ்ந்தும் நடந்தும் மிசௌரி ஆற்றங்கரையின் கயோவா கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். இதுவரை சரி. அதற்கு மேல் ஒரு மகன், ஒரு பழிவாங்கல், பனிப்புயல் என்று பயிற்சியாளர் மசாலா அரைத்துக்கொண்டே போனார். கிளாஸுக்கு மகன் இருந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நடந்தது கோடையின் கடைசியில். தின்னக் காட்டுப் பழமும் கிழங்கும் கிடைத்ததால்தான் மனிதர் பிழைத்தார். தவிர, கரடியைப் பற்றி கிளாஸ் தன் கையால் எழுதிய ஒரு வரிகூட இல்லை. அவர் எழுதியதாக மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கடிதம். அதே வருடம் ஜூனில் அரிக்கரா இனத்தாரோடு நடந்த சண்டையில் செத்துப்போன ஓர் இளைஞனின் பெற்றோருக்கு எழுதியது, உங்கள் மகன் இறந்துவிட்டான் என்று தெரிவித்து. அந்தச் சண்டையில் கிளாஸுக்கும் காயம். இதைச் சொல்லியிருந்தால் நெருப்பைச் சுற்றி ஒருவர்கூட அசைந்திருக்க மாட்டார்கள்.

வழியில் லகோட்டா என்ற பூர்வகுடி மக்கள் அவருடைய காயத்துக்கு வைத்தியம் பார்த்ததாகவும் சொல்லப்படுகிறது. எங்கள் பயிற்சியாளர் கதையில் லகோட்டா வரவே இல்லை. தனி மனிதன், தனி மன உறுதி. இந்த ‘தனி’தான் எனக்கு ஒப்பவில்லை. பிழைத்தவர்களின் கதையை எடுத்துப் பாருங்கள், பக்கத்தில் யாரோ ஒருவர் இருக்கிறார். அதே 1823 இலையுதிர் காலத்தில் ஜெடடையா ஸ்மித் என்ற டிராப்பரின் தலையைக் கரடி வாயில் கவ்வி உச்சித்தோலை உரித்து ஒரு காதைத் தொங்கவிட்டது. ஜேம்ஸ் கிளைமன் என்ற கூட்டாளி ஊசி நூலால் தைத்தார். காது தேறாது என்று கிளைமன் கைவிட, எப்படியாவது தைத்துப் பார் என்று ஸ்மித் வற்புறுத்தி, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து ஒட்டவைத்தார்கள். தையல் போடுகிற டாக்டருக்குப் பக்கத்தில் நின்று பழகிய எனக்கே இதைப் படித்தபோது கை கூசியது. மயக்கமருந்து கிடையாது, ஈதரை வைத்துப் பொதுமேடையில் முதல் அறுவை நடந்தது 1846ல்தான்.

இன்னொன்று நாங்கள் இருந்த இடத்துக்கு மிக அருகிலேயே நடந்தது. 1835 ராந்தேவூவில் மார்கஸ் விட்மன் என்ற மருத்துவ மிஷனரி, ஜிம் பிரிட்ஜர் என்ற டிராப்பரின் முதுகில் மூன்று வருடமாகத் தங்கியிருந்த இரும்பு அம்புமுனையை வெட்டி எடுத்தார். மூன்று அங்குல நீளம். டிராப்பர்களும் பூர்வகுடிகளும் வட்டமாகக் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இவ்வளவு பக்கத்தில் நடந்ததை முகாமில் யாரும் வாய்திறக்கவில்லை. கிரிஸ்லிக்கு முன்னால் டாக்டர் எடுபடமாட்டார் போல.

பயிற்சியாளர் சொன்ன ஆட்களின் பட்டியலும் ஒரே நிறம், எல்லாரும் வெள்ளையர். அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, க்ரோ என்ற பூர்வகுடி மக்களோடு வருடக்கணக்கில் வாழ்ந்த ஜேம்ஸ் பெக்வர்த்தை மகன்தான் பள்ளிப் பாடத்திலிருந்து நினைவுபடுத்தினான். பிரெஞ்சுக் கனடியர்கள், இரோக்குவா, டெலவேர் இன டிராப்பர்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நாற்பது, ஐம்பது பேர் கொண்ட படையாகத்தான் நகர்வார்கள். பொறி வைக்க மட்டும் இரண்டு மூன்று பேராகப் பிரிவார்கள். அவர்கள் முகாமில் சமைக்கவும் தோல் விரிக்கவும் தனியே சம்பள ஆட்கள் இருந்தார்கள்.

இப்போது ஞாயிறு காலை. ஒரு பழைய டிரக்கில் ஓர் அம்மா வந்து இறங்கினார். விண்ட் ரிவர் பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலத்தைச் சேர்ந்த கிழக்கு ஷோஷோனி இனத்தவர். எழுபது வயது இருக்கும், முட்டி தேய்மானம், நடையிலேயே தெரிந்தது. பின்பக்கக் கதவைத் திறந்து ஒரு பதப்படுத்திய மான்தோலை எடுத்து என் கையில் போட்டார். கம்பளியைவிட மெத்தென்று இருந்தது, புகை மணம். முதல் நாள் நனைத்துப் பலகையான துண்டை எடுத்து வரச் சொன்னார், இரண்டையும் பக்கத்தில் வைத்தார். முதலாவது புகை காட்டாத தோல். தண்ணீர் பட்டதும் பழைய பச்சைத்தோல் குணத்துக்குத் திரும்பிவிடும். இரண்டாவதை அந்த மானின் மூளையையே கரைத்துத் தேய்த்து, காயக் காய இழுத்து விரித்து, கடைசியில் பை மாதிரித் தைத்து உளுத்த மரத்தின் புகையை உள்ளே விட்டிருக்கிறார்கள். அது நனைந்து காய்ந்தாலும் கசக்கினால் மெத்தென்று ஆகிவிடும். விஷயம் இவ்வளவுதான், ஆனால் ஒரு தோலுக்குப் பல நாள் உழைப்பு, தோள்பட்டை கழன்றுவிடும்.

அப்புறம் காலணி. வெறுங்காலைத் தோலின் மேல் வைக்கச் சொல்லி அடுப்புக்கரியால் சுற்றி வரைந்தார். ஊசித் துளை போட எலும்பு முனை, நூலுக்கு விலங்கின் முதுகுத் தசைநார். அதைப் பல்லால் நனைத்து, தொடையில் உருட்டி முறுக்கி, நுனியைக் காயவிட்டால் அதுவே ஊசி மாதிரி விறைத்துக்கொள்கிறது. உட்புறம் வெளியே வைத்துத் தைத்துவிட்டுக் கடைசியில் திருப்புகிறார்கள், தையல் உள்ளே போய்விடும், கல்லில் உரசாது. கணவர் இதில்தான் மூழ்கிப்போனார். என் தையலைப் பார்த்துவிட்டு அந்த அம்மா, “ஆஸ்பத்திரித் தையல், ரொம்ப நெருக்கம், தோல் கிழியும்” என்றார். அவிழ்த்துவிட்டு, இடைவெளி விட்டுத் தைத்தேன்.

கரடுமுரடான நிலத்தில் ஒரு ஜோடி எத்தனை நாள் வரும் என்று கேட்டேன். சில வாரம் வந்தால் அதிர்ஷ்டம் என்றார். அப்படியானால் ஓர் ஆளுக்கு வருடத்துக்கு எத்தனை ஜோடி, அதை யார் தைத்தது? சிரித்தார். ஷோஷோனி, ஃபிளாட்ஹெட், க்ரோ பெண்களை மணந்த டிராப்பர்கள் ஏராளம். தோல் பதனிட்டது, காலணியும் பனிக்காலணியும் செய்தது, எந்தக் கிழங்கு எப்போது தோண்டலாம் என்று காட்டியது, தன் இனத்தாரோடு சமாதானம் பேசிக் கொடுத்தது எல்லாம் அந்தப் பெண்கள். கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் பொறிக்கு விலை இருக்கிறது, சாராயத்துக்கு விலை இருக்கிறது, இவர்கள் வேலைக்குக் கூலி கிடையாது.

அதற்கப்புறம் ஜான் கோல்டர் என்ற டிராப்பரின் நடை. 1808-09 வாக்கில் மொன்டானாவின் த்ரீ ஃபோர்க்ஸ் பகுதியில் பிளாக்ஃபீட் வீரர்கள் கோல்டரின் கூட்டாளியைக் கொன்று, கோல்டரை நிர்வாணமாக்கி ஓடவிட்டார்கள். சப்பாத்தி முள்ளில் வெறுங்காலோடு மைல்கணக்கில் ஓடி, துரத்தியவர்களில் முன்னால் வந்தவரை வீழ்த்தி அவருடைய கம்பளியைப் பறித்துக்கொண்டு, ஆற்றில் மிதந்த மரக்குவியலுக்கு அடியில் ஒளிந்து தப்பினார். பிறகு 200 மைலுக்கு மேல் கிழங்கு தின்றுகொண்டே நடந்து ஒரு கோட்டையை அடைந்தார். முகாமில் விருப்பப்பட்டவர்கள் சேஜ் காட்டில் இருபது தப்படி வெறுங்காலோடு நடந்துவிட்டு, அதே தூரத்தை நாம் தைத்த காலணியில் நடக்கலாம். முதல் நடையில் மகன் ஏழாவது தப்படியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டாவதில் ஓடினான். சனிக்கிழமைக் கதையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி, அந்த அம்மாவின் வகுப்புக்குப் பிறகு வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

என் முக்கியமான புகார் இதுதான்: அந்த அம்மாவுக்குக் கொடுத்தது வெறும் இரண்டு மணி நேரம். துப்பாக்கிக்கு அரை நாள், தோலுக்கு இரண்டு மணி. பாதிப் பேர் ஒரு கால் காலணியோடு வீடு திரும்பினார்கள். விளம்பரத் தாளில் அவர் வகுப்புக்கு ‘கைவினை’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். நடத்துபவர்களிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். வாடிக்கையாளர்கள் சுடத்தானே வருகிறார்கள் என்றார்கள். வியாபாரம் அவர்களுடையது. ஆனால் ஞாயிறு முழு நாளும் தோல் வேலை என்று ஒரு முகாம் போட்டால் 500 டாலர் கொடுத்தும் சேருவேன்.

சில நடைமுறை விஷயங்கள். சைவர்களுக்கு பீன்ஸ், சோளமாவு ரொட்டி, காய்ந்த ஆப்பிள் உண்டு, ஆனால் பதிவுப் படிவத்தில் முன்கூட்டியே குறிக்க வேண்டும். குறிக்காத ஒரு சென்னைப் பையன் மூன்று நாளும் சோளரொட்டியில் ஓட்டினான். கழிப்பறை குழிதான், கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. குளிக்க வசதியில்லை. முட்டி வலி உள்ளவர்கள் ஓடையில் இறங்கும் வகுப்பைக் கரையிலிருந்தே பார்க்கலாம், கட்டாயப்படுத்துவதில்லை. அவர்கள் தரும் கம்பளிக் கோட்டு கனமாக, நல்லதாக இருக்கிறது, காலுறை மட்டும் மட்டரகம். நல்ல கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி கையோடு கொண்டு போங்கள். திரும்பும் வழியில் பைன்டேலில் மவுண்டன் மேன் மியூசியம் இருக்கிறது. ஜிம் பிரிட்ஜரின் துப்பாக்கி அங்கேதான். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், கேட்டுவிட்டுப் போங்கள். முகாமுக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டுப் போனால் நெருப்படிக் கதையில் எது உப்பு, எது மசாலா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கட்டணத்தில் பாதியை முன்பணமாகக் கேட்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன் ரத்து செய்தால் முழுவதும் திரும்பும், அதற்குப் பிறகு பைசா தேறாது. பதியுமுன் போன் போட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தத் தடவை அந்த ஷோஷோனி அம்மா வருகிறாரா? வரவில்லை என்றால் அடுத்த தேதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.